420 மீட்டர் குன்றுக்கு இவ்வளவு மழையா? பாட்மின் மூர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ன்வாலுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் நம்மவர்கள், முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஏ30 நெடுஞ்சாலையில் பாட்மின் மூரைக் கடக்கும்போது மட்டும் கார் வைப்பர் ஏன் ஓய்வதே இல்லை என்பதில் பேச்சு தொடங்கும். அப்புறம் ரேடார், வெள்ளம், தண்ணீர்க் கட்டுப்பாடு என்று எங்கெங்கோ போகும். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பாட்மின் மூர்னா என்ன? மலையா, காடா?

இரண்டும் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம்தான் கார்ன்வால். அதன் நடுவே சற்றுக் கிழக்கே தள்ளி, ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு கருங்கல் மேட்டு நிலம் இருக்கிறது. புல், புதர், சதுப்பு, ஆடு மாடு, அரைக்காட்டுக் குதிரைகள், மரம் அபூர்வம். இப்படிப்பட்ட திறந்த மேட்டு நிலத்தைத்தான் இங்கே மூர் என்கிறார்கள்.

இதன் உச்சி பிரௌன் வில்லி, 420 மீட்டர். கார்ன்வாலிலேயே உயரமான இடமும் அதுதான். ஏற்காடு சுமார் 1500 மீட்டரில் இருக்கிறது என்பதை நினைத்தால், இதை மலை என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் இங்கே வழக்கமாகக் காற்று வீசுவது தென்மேற்கிலிருந்து. அந்தத் திசையில் சில குட்டித் தீவுகளை விட்டால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்தான். அவ்வளவு தூரம் கடல்மேல் வந்த காற்று கரையேறியதும் எதிர்ப்படும் முதல் பெரிய மேடுகளில் இது ஒன்று.

அப்படி எவ்வளவுதான் பெய்யுது? சென்னையைவிட அதிகமா?

ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. கார்ன்வால் கடற்கரையில் ஆண்டுக்கு 900 முதல் 1000 மில்லிமீட்டர். மூரின் மேட்டில் 1500 மில்லிமீட்டர் அளவில். சென்னையில் ஏறத்தாழ 1400. பெய்யும் விதம்தான் வேறு. சென்னை தன் மழையில் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அக்டோபர் முதல் ஜனவரி வரை கூடுதல் என்றாலும் மழை இல்லாத மாதம் என்று எதுவும் கிடையாது. மெதுவாக, நாள் கணக்கில் பெய்யும். அதனால்தான் அளவில் சென்னையை ஒட்டி இருந்தும் "இங்கே மழை விடவே விடாது" என்று தோன்றுகிறது.

இந்தப் பக்கத்தின் உண்மையான புதிர் வேறு. பிரௌன் வில்லியிலிருந்து வடக்குக் கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அவ்வளவு சிறு தொலைவில், வெறும் 400 மீட்டர் ஏற்றத்தில், மழை ஒன்றரை மடங்காகிவிடுகிறது. எப்படி?

மேகம் வந்து மலையில மோதி உடையறதாலதானே மழை?

இல்லை. நான் அதிகம் கேட்ட விளக்கம் இதுதான், அதிகம் தவறானதும் இதுதான். மேகம் ஒரு பொருள் அல்ல; மோதவும் உடையவும் அதற்கு உடல் கிடையாது. மிக நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கும் காற்று அது. மேடு குறுக்கிட்டால் காற்று ஏறிக் கடந்துபோகும், அல்லது சுற்றிக்கொண்டு போகும்.

பல நாட்களில் மேட்டின் மேல் இருக்கும் மேகம் கடலிலிருந்து வந்ததே அல்ல. கடலிலிருந்து வருவது ஈரமான, தெளிந்த காற்று. அது சரிவில் ஏறும்போது மேகமாகிறது, மறுபக்கம் இறங்கும்போது மறைந்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் உச்சியில் ஒரே மேகம் நாள் முழுக்க நகராமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். உள்ளே போய் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். மேகம் நிற்கிறது, காற்று ஓடுகிறது. துளிகள் ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன.

காத்து மேலே ஏறினா ஏன் குளிரணும்? மேலே போனா சூரியனுக்குப் பக்கம்தானே?

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் 420 மீட்டர் எந்தக் கணக்கிலும் வராது. போதாததற்குச் சூரியன் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. முதலில் தரை சூடாகிறது, தரையிலிருந்து காற்று சூடாகிறது.

மேலே போகப் போக மேலிருந்து அழுத்தும் காற்றின் எடை குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளே அடைந்து கிடந்த காற்று வெளியே விரியும்போது சில்லென்று இருக்கும். மேகமாகாத காற்று 100 மீட்டர் ஏறினால் சுமார் 1 டிகிரி குளிரும். மேகமான பிறகு அந்த வேகம் ஏறத்தாழ 0.6 டிகிரியாகக் குறைகிறது. ஆவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் கொஞ்சம் ஈடுகட்டிவிடுவதே காரணம்.

சரி, குளிர்ந்தா ஏன் தண்ணியாகணும்? அதுவும் இவ்வளவு சின்ன மேட்டுல?

ஒரு கன மீட்டர் இடத்தில் ஆவியாக இருக்கக்கூடிய நீரின் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் சுமார் 30 கிராம், 10 டிகிரியில் 9.4 கிராம், 0 டிகிரியில் 4.8 கிராம். குளிரக் குளிர இந்த வரம்பு இறங்குகிறது. காற்றில் இருக்கும் ஆவி வரம்பைத் தொடும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே போனால் மிச்ச ஆவி, மிதக்கும் தூசுகளின்மேலும் உப்புத் துகள்களின்மேலும் நீராகப் படியத் தொடங்கும். அதுதான் மேகத்துளி.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருவோம். தரையில் உள்ள வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதை 125-ஆல் பெருக்கினால் மேகம் எத்தனை மீட்டர் உயரத்தில் தொடங்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். கார்ன்வாலில் ஒரு குளிர்கால நாள்: வெப்பநிலை 11 டிகிரி, பனிப்புள்ளி 10. மேகத்தின் அடிப்பகுதி 125 மீட்டரில். 420 மீட்டர் மேட்டின் பெரும்பகுதி மேகத்துக்குள் இருக்கும். சென்னையில் மே மாத மதியம்: வெப்பநிலை 38, பனிப்புள்ளி 25. மேகம் தொடங்க 1600 மீட்டர் வேண்டும். அந்தக் காற்றில் ஆவி இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது, ஆனால் பரங்கிமலை அதை எட்டவைக்கும் உயரம் இல்லை. ஆக, மேடு எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்தால் போதாது. வந்து சேரும் காற்று பனிப்புள்ளிக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அட்லாண்டிக் காற்று இங்கே பெரும்பாலும் விளிம்பில் நின்றபடிதான் வந்து சேர்கிறது.

அப்போ மேட்டு மேல மேகம் மூடினாலே மழைதானா?

மழை என்று சொல்ல முடியாது. நனைவீர்கள், அவ்வளவுதான். மேகத்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அது விழும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். சாதாரண மழைத்துளி ஒன்று உருவாக இப்படிப்பட்ட துளிகள் பத்து லட்சம் அளவில் சேர வேண்டும். சேர நேரம் வேண்டும். நேரம்தான் இங்கே இல்லை. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஐந்து கிலோமீட்டர் அகல மேட்டை ஆறே நிமிடத்தில் கடந்துவிடும். துளிகள் பெரிதாகும் முன்பே மறுபக்கம் இறங்கி ஆவியாகிவிடும்.

மிஞ்சிப்போனால் கிடைப்பது மூடுபனிக்கும் தூறலுக்கும் நடுவே உள்ள ஒன்று. உள்ளூர்க்காரர்கள் மிசில் என்பார்கள். குடை அதற்கு வேலைக்காகாது. துளிகள் மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகின்றன.

பிறகு நிஜமான மழை எங்கேர்ந்து வருது?

ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றோடு வெப்பக்காற்றும் குளிர்காற்றும் சந்திக்கும் முகப்புகள் வரும். அந்த முகப்புகளில் சில கிலோமீட்டர் உயரத்தில் பரந்த மேகங்கள் இருக்கும், அவற்றிலிருந்து மழை விழும். இந்த மழைக்கும் மேட்டுக்கும் சம்பந்தமில்லை. கடலிலும் பெய்யும், கடற்கரையிலும் பெய்யும், மூரிலும் பெய்யும். கடற்கரையில் அந்தத் துளி கடைசி சில நூறு மீட்டரை மேகமில்லாத காற்றில் கடந்து தரையைத் தொடும். வழியில் கொஞ்சம் ஆவியாகிக் குறையவும் செய்யும். மூரின் மேல் அதே துளி, நாம் முன்பு பார்த்த உச்சி மேகத்துக்குள் புகுந்து வர வேண்டியிருக்கிறது. விழும் வழியில் அங்குள்ள நுண்துளிகளையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொண்டு பருத்துத் தரைக்கு வருகிறது.

தானாக மழையாக முடியாத தாழ்ந்த மேகத்தை, மேலிருந்து விழும் மழை கழுவி இறக்குகிறது. கழுவக் கழுவ அந்த மேகம் தீராது. தென்மேற்குக் காற்று வேகமாக வீசும்வரை புதிய ஈரம் சரிவில் ஏறி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இங்கே பெருமழை நாட்கள் பெருங்காற்று நாட்களாகவும் இருக்கின்றன. மேலே ஒன்று துளியைப் போடும், கீழே ஒன்று தீனி கொடுக்கும் என்ற இந்த இரட்டை மேக விளக்கத்தை முன்வைத்தவர் ஸ்வீடன் நாட்டு வானிலை அறிஞர் டோர் பெர்ஜெரான். 1960-களில் உப்சாலா நகருக்கு அருகே மழைமானிகளை நெருக்கமாக வைத்து அளந்தபோது, சில பத்து மீட்டர் உயரமே உள்ள மேடுகளில்கூட மழை கூடுவது தெரிந்தது. 50 மீட்டருக்கே அப்படி என்றால் 400 மீட்டருக்குக் கேட்கவா வேண்டும்.

ஸ்கூல்ல படிச்ச மலைத்தடுப்பு மழைதானே இது? மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான்: காற்று ஏறுகிறது, விரிகிறது, குளிர்கிறது. பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிடும். அந்தப் பாடம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வெதுவெதுப்பானது, ஆவி நிறைந்தது. எதிரே இருப்பதோ ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் தொடர். அவ்வளவு உயரம் ஏறும் காற்று தானாகவே ஆழமான மேகத்தையும் கனமழையையும் உண்டாக்கிவிடும். மேலிருந்து துளி போட வேறொரு மேகம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வால்பாறை அருகே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடமாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

கார்ன்வாலில் மேடு சிறியது, காற்று குளிர்ந்தது. ஆகவே முந்தைய பதிலில் சொன்ன இரட்டை மேக வேலை இல்லாமல் கணக்கு ஒத்துவராது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் ஊரில் வடகிழக்குப் பருவம் வந்தால் காற்று திசை மாறி, குன்னூர், கோத்தகிரி பக்கமான கிழக்குச் சரிவுகள் நனையும். இங்கே அப்படி முறை வைத்து மாறும் பருவம் கிடையாது.

கோயம்புத்தூர் மாதிரி மழை மறைவுப் பகுதி இங்க உண்டா?

உண்டு. அதைப் பார்க்கப் பாட்மின் மூரைவிடப் பக்கத்து மாவட்டமான டெவனில் உள்ள டார்ட்மூர் நல்ல இடம். டார்ட்மூரின் உச்சி 621 மீட்டர். அதன் மேற்பகுதியில் பிரின்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் போனால் எக்ஸ் ஆற்றின் கழிமுகம். அங்கே 800 மில்லிமீட்டர் அளவில்தான்.

காரணம் இரண்டு. காற்று தன் ஈரத்தில் ஒரு பங்கை மேட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது. அதைவிட முக்கியமாக, இறங்கும் காற்று அழுந்திச் சூடாகிறது; மிச்ச மேகத்துளிகளும் அதில் ஆவியாகிவிடுகின்றன. பாட்மின் மூருக்குக் கிழக்கேயும் லான்ஸ்டன் பக்கம் வானம் சற்றுத் தெளிவாக இருப்பதைப் பல நாட்களில் பார்க்கலாம். ஆனால் அது சின்ன மேடு, அதன் மறைவும் சின்னது. போதாக்குறைக்கு உடனே டார்ட்மூர் வந்துவிடுகிறது.

உச்சியிலதான் எப்பவும் அதிக மழையா?

பெரும்பாலும் உச்சியை ஒட்டித்தான், ஆனால் உச்சியிலேயே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விழும் துளி தரையைத் தொட 200 நொடி ஆகும். அதற்குள் நொடிக்கு 15 மீட்டர் காற்று அதை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கும். குறுகலான மேடு என்றால் அதிக மழை உச்சியைத் தாண்டி மறுபக்கத்துத் தொடக்கத்தில் விழும்.

மிக உயர்ந்த மலைகளில் கதையே வேறு. ஹவாயின் மௌனா கியா 4207 மீட்டர். அதன் கிழக்குச் சரிவின் கீழ்ப்பகுதி மழைக்காடு, உச்சியோ வறண்ட பாலை. ஈரக்காற்று அவ்வளவு உயரம் ஏறுவதே இல்லை.

போர்டுல ரெண்டு மொழி போட்டிருக்கே. அந்த இன்னொரு மொழியில மழைக்கு என்ன பேரு?

அது கார்னிஷ். வேல்ஸ் மொழிக்கும் பிரான்சின் பிரெட்டன் மொழிக்கும் சகோதரி. மழை அதில் க்ளௌ. வேல்ஸ் மொழியிலும் அதே சொல்தான். பிரௌன் வில்லிக்குக் கார்னிஷில் ப்ரான் வென்னிலி, தகைவிலான் குருவிகளின் குன்று என்று பொருள்.

1777-இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்ற மீன் விற்ற மூதாட்டியோடு கார்னிஷ் தாய்மொழியாகப் பேசுவது நின்றுபோனதாகப் பொதுவாகச் சொல்வார்கள். 1904-இல் ஹென்றி ஜென்னர் எழுதிய கையேட்டிலிருந்து மறுமலர்ச்சி தொடங்கியது. இன்று கற்றுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தெருப் பலகைகளில் நீங்கள் பார்ப்பது அந்த முயற்சியின் பலன்.

மரம் இருந்தாத்தானே மழை வரும்? இங்க மரமே இல்லாம எப்படி?

பாட்மின் மூரே இதற்குப் பதில். கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான், ஆனாலும் மழைக்குக் குறைவில்லை. இங்கே மழையின் அளவைத் தீர்மானிப்பது கடலும் காற்றும் சரிவும். மரம் நடுவதால் அட்லாண்டிக்கின் தாழ்வழுத்தம் கூடவோ குறையவோ போவதில்லை.

மரத்துக்கு வேலையே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மிசில் நாட்களில் இலைகள் நுண்துளிகளைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறக்கும். அமேசான் போன்ற உள்நாட்டுப் பெருங்காடுகள் ஈரத்தைத் திரும்பக் காற்றுக்குக் கொடுப்பதும் உண்மை. வாட்ஸ்அப்பில் வருவதுபோல மரம் மேகத்தைப் பிடித்து இழுக்கிறது என்பதுதான் சரியல்ல.

போன்ல ரேடார் பார்த்தா காலியா இருக்கு. நாங்க தொப்பலா நனையறோம். ஆப் தப்பா?

ஆப்பில் தப்பில்லை, ரேடாரின் பார்வை உயரம்தான் சிக்கல். அருகிலுள்ள மழை ரேடார் கார்ன்வாலின் தெற்கு முனையான லிசார்டு பக்கம் பிரெடனாக்கில் இருக்கிறது. அங்கிருந்து பிரௌன் வில்லி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கதிர் சற்று மேல்நோக்கிப் போவதாலும் பூமி வளைந்திருப்பதாலும், மூருக்கு வரும்போது கதிர் சுமார் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். துளி பருக்கும் வேலையோ அதற்குக் கீழே நடக்கிறது. மிசில் துளிகள் மிகச் சிறியவை என்பதால் ரேடாருக்கு அவை தெரிவதும் கடினம்.

பிரிட்டன் வானிலைத் துறை மேடுகளுக்கென்று ஒரு திருத்தத்தைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனாலும் மேட்டில் நடக்கப் போகிறவர்கள் ரேடார் படத்தைவிட மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் என்ற கணிப்பைப் பார்ப்பது பயன்.

கடற்கரையில வெயில் அடிக்குது, மூர்ல மழை. நனையாம இருக்க எந்தப் பக்கம் போகணும்?

காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தென்மேற்கு என்றால் மேட்டுக்கு வடகிழக்கே போங்கள். முன்பு சொன்ன மறைவுப் பக்கம் அது. காற்று மாறினால் பக்கமும் மாறும். கோடையில் சில நாட்கள் தலைகீழாக நடக்கும்: பேட்ஸ்டோ, நியூகீ கடற்கரைகளில் சுத்தமான வானம், உள்ளே மட்டும் இடிமேகம். அதற்குக் காரணம் அடுத்த கேள்வியில்.

பிரௌன் வில்லி எஃபெக்ட்னு சொல்றாங்களே, அது என்ன?

சில நாட்களில் மழைப் படத்தில் ஒரு விசித்திரம் தெரியும். பாட்மின் மூரில் தொடங்கி வடகிழக்கே நேர்க்கோடாக, சில சமயம் நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஒரு மழை வரிசை நீளும். இரு பக்கமும் காய்ந்திருக்கும். காற்று நிலையற்று இருக்கும் நாட்களில், அதாவது கொஞ்சம் தூக்கிவிட்டாலே தானாக மேலே பாயும் நிலையில் இருக்கும்போது, இது நடக்கிறது. மேடு அந்த முதல் உந்துதலைத் தருகிறது. ஒரு மேகம் உருவாகிக் காற்றோடு நகரும், அதே இடத்தில் அடுத்தது பிறக்கும்.

பெயர் குன்றுக்குப் போய்விட்டாலும் பெருமை முழுவதும் அதற்குச் சேராது. கார்ன்வால் ஒரு குறுகிய தீபகற்பம். பகலில் தரை சூடானதும் இரு கடற்கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே வரும். இரண்டும் நடுவே சந்தித்தால் போக வேறு வழியில்லாமல் மேலே ஏறும். இந்தச் சந்திப்புக் கோடு தீபகற்பத்தின் நீளவாக்கில் அமைகிறது, மூரும் அதே கோட்டில்தான் கிடக்கிறது. குன்று பாதி, கடற்கரையின் அமைப்பு பாதி என்பதே நியாயமாக எனக்குப் படுகிறது.

2004-ல பாஸ்கேசில் ஊர் அடிச்சுக்கிட்டுப் போச்சே, அதுவும் இதனாலதானா?

அந்த வகைதான். 2004 ஆகஸ்ட் 16 அன்று மதியம், பாஸ்கேசில் இருக்கும் வடக்குக் கடற்கரையை ஒட்டி, கடற்காற்றும் தரைமேல் வந்த தென்மேற்குக் காற்றும் சந்திக்கும் கோடு மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. இடிமேகங்கள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி, ஒரே பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் கொட்டின. அருகிலுள்ள ஒட்டர்ஹாமில் அன்றைய பதிவு 200.4 மில்லிமீட்டர். சில கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு சில மழைமானிகளில் 3 மில்லிமீட்டர்கூட இல்லை.

மேடு இதில் இரண்டு முறை கை வைத்தது. ஏறும் காற்றுக்கு மேலும் உந்துதல் தந்தது ஒன்று. விழுந்த நீரை வலென்சி என்ற சிற்றாற்றின் செங்குத்தான, குறுகிய பள்ளத்தாக்கில் ஒரேயடியாக இறக்கியது இன்னொன்று. நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் துறைமுகத்தை நோக்கி அடித்துச் செல்லப்பட்டன. நூறு பேர் அளவில் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. 52 ஆண்டுகளுக்கு முன், 1952 ஆகஸ்ட் 15-16 இரவில், டெவனின் லின்மத் ஊருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. எக்ஸ்மூர் மேட்டில் பெய்த மழை 34 உயிர்களைக் கொண்டுபோனது.

இவ்வளவு மழை பெய்யற ஊர்ல தோட்டத்துக்குக் குழாய்ல தண்ணி விடக் கூடாதுன்னு தடை போட்டாங்களே, என்ன நியாயம்?

2022 ஆகஸ்டில் வந்த தடையைத்தான் கேட்கிறீர்கள். அது 2023 செப்டம்பர் வரை நீடித்தது. கார்ன்வாலின் மிகப்பெரிய நீர்த்தேக்கமான காலிஃபோர்டு ஏரி பாட்மின் மூரின் மேலேயே இருக்கிறது என்பதுதான் பலருக்கு ஆச்சரியம்.

மேடு தானாக மழை தருவதில்லை, வருகிற காற்றிலிருந்து கூடுதலாகக் கறக்கிறது, அவ்வளவுதான். உயரழுத்தம் வந்து வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் தாழ்வழுத்தங்கள் வேறு பாதையில் போய்விடும். மேலிருந்து துளியும் வராது, கீழே சரிவில் ஏறும் ஈரமும் இருக்காது. 2022 அப்படிப்பட்ட ஆண்டு. இன்னொன்று, காலிஃபோர்டு மேட்டின் மேலேயே இருப்பதால் அதற்கு நீர் வந்து சேரும் பரப்பு சிறியது. ஒருமுறை தாழ்ந்தால் நிரம்ப ஒரு குளிர்காலம் போதாமல் போகலாம்.

காலநிலை மாற்றத்தால இந்த மழை இன்னும் கூடுமா?

காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய ஆவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். மேட்டின் மேல் அமரும் மேகத்துக்கு அந்த அளவு கூடுதல் தீனி. ஒரே மாதிரியான காற்று, ஒரே மாதிரியான தாழ்வழுத்தம் என்று வைத்துக்கொண்டால், குளிர்கால மழை நாட்கள் இன்னும் கனமாகும் என்று எதிர்பார்க்கலாம். கோடையில் தாழ்வழுத்தங்களின் பாதை எப்படி மாறும் என்பது தனிக் கணக்கு, முந்தைய பதிலில் சொன்ன வறட்சியும் அதைப் பொறுத்துத்தான். பிரிட்டனின் காலநிலைக் கணிப்புகள் ஈரமான குளிர்காலம், வறண்ட கோடை என்ற பக்கம்தான் சாய்கின்றன. மூரில் வீடு பார்க்கிறவர்கள் கூரையையும் கிணற்றையும் இரண்டையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.